முணுமுணுத்த கிரேக்கம்

"இலக்கணத்துல ஒரு பிழை இல்ல. ஆனா பழைய கிரேக்கத்துல குரல் ஏறணும், இறங்கணும். நீ என்னம்மா ரகசியம் சொல்ற மாதிரி வாசிக்கிறே?" என்ற பேராசிரியர், வாய்மொழித் தேர்வில் அவளை மறுபடியும் ஃபெயிலாக்கினார். இனி மேல்வகுப்பில் இடம் கிடையாது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் இருப்பது ஒரே அறை. இரவெல்லாம் ஆலையில் நின்றுவிட்டு வரும் அப்பா, பகலில் தலை வரை போர்த்திக்கொண்டு தூங்குவார். அவர் தூக்கம் கலையக் கூடாதென்று இரண்டு வருடமாக முணுமுணுத்தே படித்தவளுக்குக் குரல் எங்கிருந்து ஏறும்? தனி அறையில் படித்து வளர்ந்த பேராசிரியரிடம் இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தைப் பிரித்து, ஆத்திரம் தீரத் தொண்டை கிழிய வாசித்தாள்.

அப்பா அசையவே இல்லை.

பகீரென்றது. போர்வையை இழுத்து அவரை உலுக்கினாள். கண் விழித்தவர், இரண்டு காதுகளிலிருந்தும் பஞ்சை எடுத்தார்.

"என்னப்பா இது?"

"நான் தூங்குறேன்னு நீ தயங்கித் தயங்கிப் படிக்கக் கூடாதில்ல? நீ காலேஜ்ல சேர்ந்ததிலேருந்து இப்படித்தான் படுக்கிறேன்."

"ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாம்லப்பா?"

"அத விடு. பரீட்சை என்னாச்சு? கணீர்னு வாசிச்சிருப்பியே!"