பதினோரு மணி வைவா

"பின்னால செவுரு ஆடுதே கண்ணு, ஏன்?" என்று வீடியோவில் கேட்டார் வெள்ளியங்கிரி சார்.

"ஃபேன் காத்து சார்" என்றாள் ஜோதிகா. காற்றுக்கு எந்தச் சுவர் ஆடும் என்று சார் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

அந்தச் சுவரின் பெயர் ராமாயி. ஸ்டூலில் ஏறி நின்று, வெள்ளைப் பனியன் துணியை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்திருந்தாள். துணிக்குப் பின்னால் வேலம்பாளையத்துக் கம்பெனியும் முப்பது தையல் மெஷின்களும் இருந்தன.

கொரோனா பள்ளிக்கூடத்துக்கு வரும், கம்பெனிக்கு வராது என்று ஊரே நம்பிய வருஷம் அது. பிளஸ் டூ பரீட்சை ரத்து. கல்லூரி விண்ணப்பத்துக்காக ஜோதிகா இனிமேல் வாங்க முடிந்த மார்க், இந்தக் கெமிஸ்ட்ரி வைவாவின் இன்டர்னல் முப்பது மட்டும்தான்.

'வேலைக்குப் போகும் மாணவர்களுக்கு இன்டர்னல் பூஜ்யம்' என்ற தலைமையாசிரியரின் உத்தரவை சார்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். நல்லவேளையாக, அவர் குறித்த நேரம் பதினொன்று முதல் பதினொன்றேகால். கம்பெனியில் டீ இடைவேளையும் அதுவே. அந்த வருஷம் ஜோதிகாவுக்கு வாய்த்த ஒரே அதிர்ஷ்டம்.

"ஏ புள்ள, சட்டுனு முடி. கை கடுக்குது" என்றது சுவர்.

"ஆரு பேசறது?"

"எங்க அத்தை சார். சமைக்கிறாங்க."

"சமைச்சா கை கடுக்குமா?"

"சப்பாத்தி சார்."

சார் தலையாட்டினார். "கடைசிக் கேள்வி. பெர்மாங்கனேட் டைட்ரேஷன்ல, முடியறப்ப என்ன கலர் வரும்?"

லேபைக் கண்ணால் பார்த்து ஒரு வருஷமாகியிருந்தது. "பேபி பிங்க் சார். ஷேடு மாறாம நிக்கணும்" என்று கம்பெனிப் பேச்சு வாயில் வந்துவிட்டது. ஜோதிகா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கரெக்ட்" என்று சார் பேனாவை எடுத்தார்.

மணி அடித்தது.

மணி அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மெஷினுக்கு ஓடுவது ராமாயிக்குப் பதினைந்து வருஷப் பழக்கம். ஓடினாள். சுவர் விழுந்தது.

ஜோதிகா திரும்பிப் பார்க்கவில்லை. போனின் மூலையிலிருந்த சின்னக் கட்டத்தில் அவள் முகமும், பின்னால் முப்பது மெஷின்களும் தெளிவாகத் தெரிந்தன. அழுகை வரவில்லை. அந்த வருஷம் எதற்குமே வரவில்லை.

"ஜீரோ போட்டுக்கங்க சார்" என்றாள்.

சாரின் பேனா அந்தரத்திலேயே நின்றது. அப்போது போனுக்குள், சாரின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் அதட்டியது:

"ஏனுங்க வாத்தியாரே, பெல்லடிச்சது காதுல உழுகலீங்களா? பண்டலத் தூக்க வாங்க!"