சம்பியா மட்டும் வேண்டாம்

“போக ஏலாது. அவ்வளவுதான்,” என்றார் முருகேசு.

மகள் தேனுஜா ஒன்றும் ஊர் பேர் தெரியாதவனைக் கட்டப்போகிறேன் என்று கேட்கவில்லை. ஜேர்மனியின் ஹம் நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்க்கிறவள், சேர்த்து வைத்த விடுமுறையில் தோழி அன்ரனிற்றாவோடு ஆபிரிக்காவின் தெற்குப் பக்கம் போய்வர நினைத்தாள். நமீபியாவில் ஒரு ஜீப்பை வாடகைக்கு எடுத்து, பொட்ஸ்வானாவைத் தாண்டி, சம்பியா வரை தரைவழிப் பயணம். ரிக்கற் போட்டாயிற்று. பையும் பாதி அடுக்கியாயிற்று.

அன்றிலிருந்து வீட்டில் பாதுகாப்பு மாநாடுதான். முருகேசு வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே புதிதாக ஓர் ஆபத்தைச் சொல்லுவார். ரோட்டில் யானை நிற்கும் என்றார். இருட்டில் வண்டி ஓட்டமாட்டோம் என்றாள் மகள். கள்ளர் மறிப்பார்கள் என்றார். வேலி போட்ட இடங்களில்தான் கூடாரம் அடிப்போம் என்றாள். நடுக்காட்டில் வண்டி பழுதானால்? சற்றலைட் போன் இருக்கிறது. மலேரியா? குளிசை இருக்கிறது, தாதிக்கே மருந்து சொல்லித் தரவேண்டாம்.

இத்தனைக்கும் இந்த மனிதரே ஒரு காலத்தில் பாஸ்போட் இல்லாமல், லொறியில் சாக்குகளுக்கு அடியில் ஒளிந்து, அதே சம்பியா வழியாகத்தான் ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தவர். தான் வந்தால் வீரம், மகள் போனால் ஆபத்து. தகப்பன்மாருக்கு இப்படி ஒரு வசதி உண்டு.

கடைசியில் கொஞ்சம் இறங்கி வந்தார்.

“நமீபியாவுக்குப் போ. பொட்ஸ்வானாவுக்கும் போ. சம்பியா மட்டும் வேண்டாம்.”

“ஏனப்பா? அங்கை மட்டும் என்ன புதுசா?”

முருகேசு எழும்பி அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

தாய் பாலாம்பிகைதான் எல்லோரையும் திகைக்க வைத்தாள். தேனுஜா ஒரே பிள்ளை. அவள் தும்மினாலே மல்லித்தண்ணி அவிக்கிற தாய், இப்போது சம்பியாவுக்கும் போய்விட்டு வரட்டும் என்றாள். அலுமாரியிலிருந்து தன் தம்பி சிவராமனின் படத்தை எடுத்துவந்து மகளின் கையில் கொடுத்தாள்.

“போற வழியிலை ஆரையும் கேட்டுப் பார் பிள்ளை. உன்ரை மாமா அங்கைதான் துலைஞ்சவன்.”

சிவராமன் முருகேசுவோடு ஒன்றாகப் புறப்பட்டவன். சம்பியாவில், காசுக்கு ஆள் கடத்துகிற ஏஜென்சிக்காரன் அவனை வேறு பாதையால் அனுப்பினான், அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை என்பதுதான் முருகேசு சொன்ன கதை. அன்றுமுதல் பாலாம்பிகை வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலில் தம்பியின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அருச்சனை செய்கிறாள். அவன் எங்கே இருந்தாலும் சுகமாக இருக்கட்டும் என்பாள். அதெல்லாம் சரி. என்றோ காணாமற் போனவனைத் தேட, பெற்ற பிள்ளையையா அனுப்புவது என்று கோவிலில் பெண்கள் முகம் சுளித்தார்கள்.

மறுநாள் முருகேசு மகளை வேலைக்குக் காரில் கொண்டுபோய் விட்டார். ஆஸ்பத்திரி வாசலில் அவள் இறங்கப் போனபோது கையைப் பிடித்தார்.

“மாமா துலையேல்லை பிள்ளை. லொறிக்குள்ளை காய்ச்சல் கண்டது. தண்ணி கேட்டவன், என்னட்டை இருக்கேல்லை. என்ரை மடியிலைதான் போனவன். ரோட்டுக்கரையிலை நான்தான் கையாலை மண்ணைக் கிண்டித் தாட்டனான். இப்ப இடத்தைக் காட்டச் சொன்னாலும் எனக்குத் தெரியாது.”

தேனுஜா திறந்த கதவை மறுபடி சாத்தினாள்.

“அம்மாட்டை ஏன் சொல்லேல்லை?”

“‘உங்களை நம்பித்தான் தம்பியை விடுறன்’ எண்டு அனுப்பினவ. எந்த வாயாலை சொல்லுறது? அவன் எங்கையோ இருக்கிறான் எண்ட நினைப்பிலைதான் அவவின்ரை சீவன் ஓடுது. நீ போனாலும் அங்கை ஆரையும் விசாரிக்காதை. ‘தேடினன், காணேல்லை’ எண்டு மட்டும் அம்மாட்டை வந்து சொல்லு.”

ஸ்ரியறிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். தகப்பன் அழுது அவள் பார்த்ததே இல்லை. யானையும் கள்ளரும் மலேரியாவும் இத்தனை நாளாக எதற்காக வீட்டுக்குள் வந்தார்கள் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

வேலை முடிந்து திரும்பியபோது அவளுக்குப் பயணமே வெறுத்துப் போயிருந்தது. அடுக்கியதை எல்லாம் வெளியே எடுத்துவிடலாம் என்று பையைத் திறந்தாள். உடுப்புகளுக்கு நடுவே தாய் ஒரு சின்னப் பொட்டலத்தை வைத்திருந்தாள். பிரித்தால், எள்ளு.

“இது என்னத்துக்கம்மா?”

பாலாம்பிகை அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“சம்பியாவிலை ஏதாவது ஒரு ஆத்தங்கரையிலை, மாமாவை நினைச்சு எள்ளும் தண்ணியும் இறைச்சுவிடு. அவனுக்கு இதுவரைக்கும் ஆரும் ஒண்டும் செய்யேல்லை.”

உயிரோடு இருக்கிறவனுக்கு யாரும் எள்ளும் தண்ணீரும் இறைப்பதில்லை. தேனுஜா தாயையே பார்த்தாள்.

“வருசா வருசம் ஆவணியிலை ஒரு நாள் உன்ரை அப்பா, ‘வயிறு சரியில்லை, மீன் இறைச்சி வேண்டாம், மரக்கறி காய்ச்சு’ எண்டுவார். ஒவ்வொரு வருசமும் திகதி வேறை. பஞ்சாங்கத்தைப் பாத்தால் எப்பவும் அதே தேய்பிறைச் சப்தமி. அவரின்ரை தாய் தேப்பன்ரை திதி எனக்குத் தெரியும். அவை ரெண்டுபேரும் சம்பியாவிலை நிண்டதும் ஆவணியிலைதான். இது வேறை ஆரின்ரை திதியெண்டு எனக்கு விளங்காதோ?”

“பிறகேனம்மா வெள்ளிக்கு வெள்ளி அருச்சனை செய்யிறியள்?”

“நிப்பாட்டினால் எனக்குத் தெரிஞ்சுபோட்டுது எண்டு அவருக்கு விளங்கிப்போடும். பேந்து அந்த மனிசன் என்ரை முகத்தைப் பாக்காது பிள்ளை.”

எள்ளுப் பொட்டலத்தை மறுபடி மடித்து உடுப்புகளுக்குள் வைத்தாள்.

“திரும்பி வந்து, ‘தேடினன், காணேல்லை’ எண்டு மட்டும் அப்பாவுக்கு முன்னாலை என்னட்டைச் சொல்லு.”