செண்பகவல்லியின் சொற்பொழிவு

கோவில்பட்டியிலிருந்து ஆறு மாதப் படிப்புக்காகப் பிரான்சுக்கு வந்த செண்பகவல்லி, புரியாத கேள்விக்கெல்லாம் "வீ" என்று சொல்லியே முதல் மாதத்தை ஓட்டிவிட்டாள். பிரெஞ்சில் அதற்கு ஆமாம் என்று பொருள். வகுப்புகளைப் புறக்கணித்துப் போராடிக்கொண்டிருந்த மாணவர்கள் வந்து என்னவோ கேட்டபோதும் "வீ" என்றாள். அடுத்த நிமிடம், வெளிநாட்டு மாணவர்கள் சார்பில் பேசச் சொல்லி அவளைக் கல்லூரிக் கூடத்து மேசைமேல் ஏற்றி, கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். முந்நூறு பேர் அண்ணாந்து பார்த்தார்கள். பயத்தில் வாயில் வந்ததைத் தமிழிலேயே கொட்டினாள். "ஹாஸ்டல் சமையல்கட்டுல என் பருப்புப்பொடிய எடுத்தது யாரு? டப்பாவையாவது கழுவி வச்சீங்களா?"

கூட்டம் ஆரவாரித்தது. என்ன சொன்னாள் என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துச் சிவமலர், தான் மொழிபெயர்ப்பதாகச் சொல்லி முன்னால் வந்தாள். கால் மணி நேரம் பிரெஞ்சில் பேசினாள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"அக்கா, பருப்புப்பொடிக்கா அழுதாங்க?" என்று கிசுகிசுத்தாள் செண்பகவல்லி.

"இல்லைப் பிள்ளை. துப்புரவு வேலை செய்யிற எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் லீவில்லை எண்டு நீர் சொன்னதாச் சொன்னனான்."

செண்பகவல்லி மெல்ல மேசையிலிருந்து இறங்கப் பார்த்தாள். சிவமலர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இறங்காதையும். தமிழிலை எதையாவது கதையும் பிள்ளை, நான் இன்னும் சொல்லி முடிக்கேல்லை."