பிரிக்காத மூட்டை

நான்கு மணி நேரமாக நாகலெட்சுமி கற்குகை வாசலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பால் போத்தல். செத்துப்போன மகளின் எலும்பைக் கையோடு வாங்கிப்போக வந்திருந்தாள்.

உள்ளே தனுஜா வெளியே வரத் தயங்கிக்கொண்டிருந்தாள். பழங்கால மனிதர்கள் தின்றுபோட்ட மான், குரங்கு எலும்புகளை ஆராயத்தான் அவள் இலங்கைத் தேயிலை மலையில் நோர்வூட்டுக்கு மேலே இந்தக் குகைக்கு வந்தது. சாம்பல் மண் என்பதால் எலும்பு எதுவும் கரையவில்லை. மேல் மண்ணில் கிடைத்த இந்த மூட்டை மட்டும் அவ்வளவு பழையதல்ல. ஊதா நிற நைலெக்ஸ் சேலைத் துண்டில் கட்டியிருந்தது.

துணியைப் பார்த்ததுமே நாகலெட்சுமி தன் சேலை என்றாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் பிறந்த தலைச்சன் பிள்ளை ஒரே ஒரு தரம் அழுததாம். வாசலில் கொழும்புக் கார் ஒன்று நின்றதாம். அதில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று கெஞ்சுவதற்குள் கார் போய்விட்டதாம். பிறகு டிஸ்பென்சரிக்காரர்கள், மூச்சு நின்றுவிட்டது, பிரித்துப் பார்க்கக் கூடாது என்று சொல்லி மூட்டையைக் கொடுத்தார்கள். புருஷன் கொண்டுவந்து இங்கே புதைத்தான்.

வருஷா வருஷம் அவள் குகை வாசலில் பால் ஊற்றினாள். மழை பிடித்தால் உள்ளேயிருந்து அழுகை கேட்குமாம்.

"எங்க லயத்து வீட்டுக்குப் பக்கத்துல வச்சுக்கிறேன் மிஸ். குளிர்ல கெடந்தது போதும்" என்று காலையிலேயே சொல்லியிருந்தாள்.

தனுஜா கால் எலும்பை மறுபடியும் புரட்டினாள். பச்சைப் பிள்ளையின் எலும்பளவுதான். ஆனால் நடுவே நீளமாக ஒரு கோடு ஓடியது. இரண்டு எலும்பு ஒன்றாக ஒட்டிய தடம். மனிதக் காலில் அது இராது.

பேசாமல் கட்டிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். அந்தப் பால் போத்தலைப் பார்த்த பிறகு பொய் சொல்ல மனம் வரவில்லை.

வெளியே பனி இறங்கியிருந்தது. தனுஜா மூட்டையோடு அவளுக்கு முன்னால் குந்தினாள்.

"இது பிள்ளையோட எலும்பு இல்லங்கம்மா. ஆட்டுக்குட்டியோடது."

நாகலெட்சுமி அழவில்லை. ஊதாத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா பாத்தீங்களா மிஸ்?"

"திரும்பத் திரும்பப் பாத்துட்டேங்கம்மா."

பால் போத்தலை மெதுவாகக் கீழே வைத்தாள். கார் போகும் பாதை பக்கம் அவள் தலை திரும்பியது.

"அப்ப எம்புள்ளைய யாருக்குக் குடுத்தாங்க?"