சனிக்கு ஒருத்தர், ஞாயிறுக்கு ஒருத்தர்

“ஒரு கூட்டத்துக்கு எதுக்குப்பா ரெண்டு தேதி?” என்று கேட்டார் கூடப் படித்த தங்கப்பாண்டி.

செல்வக்குமார் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “சுந்தரவல்லி சனிக்கிழமைதான் வருமாம். சௌரிராஜன் ஞாயித்துக்கிழமைதான் வருவானாம். நான் என்ன செய்ய?”

“புருஷன் பொண்டாட்டி ஒண்ணா வர மாட்டாகளாக்கும்?”

“அதைத்தான் கேட்டேன். ‘அவர் வர்ற அன்னிக்கு நான் வர முடியாதுண்ணே’ன்னு அது எழுதியிருக்கு. ‘அவ சனிக்கிழமை வரட்டும், நான் மறுநாள் வாரேன்’னு இவன் எழுதியிருக்கான். அதுவும் நம்ம எல்லாரும் பாக்குற மாதிரி.”

தங்கப்பாண்டி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் படித்துப் பார்த்தார். அப்படித்தான் இருந்தது.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்றதும் செல்வக்குமார் செய்த முதல் காரியம், கூடப் படித்தவர்களுக்காக இணையத்தில் ஒரு மன்றம் தொடங்கியதுதான். மதுரையில் இருப்பவர்கள், துபாயில் இருப்பவர்கள் என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ‘எப்பப்பா பார்க்கலாம்?’ என்று ஒருவர் ஆரம்பித்த உரையாடல் அனுமார் வால் மாதிரி நீண்டுகொண்டே போனது. ஒரே உரையாடலுக்குள் எத்தனை தேதியை வேண்டுமானாலும் காலண்டரில் ஏற்றலாம் என்று அந்த மன்றத்தில் ஒரு வசதி இருந்தது. இப்படி ஒரு காரியத்துக்கு அது உதவும் என்று அவர் நினைத்ததே இல்லை.

ஏனென்றால் அந்த ஜோடி அப்படிப்பட்ட ஜோடி. திருமங்கலம் பக்கத்துக் கல்லூரிக்கு மதுரையிலிருந்து ஒரே பஸ்ஸில் வருவார்கள். வீட்டு பாஷையான சௌராஷ்டிரத்தில் அவர்கள் கிசுகிசுப்பதைக் கேட்டு, புரியாமலேயே மொத்த பஸ்ஸும் சிரிக்கும். சுந்தரவல்லி வராத நாளில், சௌரிராஜன் பெயரைக் கூப்பிடாமலேயே பேராசிரியர் ஆப்சென்ட் போட்டுவிடுவார்.

“பிரிஞ்சு கிரிஞ்சு போயிட்டாகளோ?” என்றார் தங்கப்பாண்டி, மெதுவாக.

“வாயை மூடுப்பா” என்றார் செல்வக்குமார். அவருக்கும் அதே பயம்தான்.

இரண்டு தேதிகளையும் ஏற்றினார். இரண்டு நாளும் மத்தியானச் சாப்பாடு, சமயநல்லூரில் அவருடைய தென்னந்தோப்பில்.

சனிக்கிழமை சுந்தரவல்லி வந்தார். தலை முழுக்க வெள்ளை. சிரிப்பு மட்டும் அந்தக் காலத்துச் சிரிப்பு. சோழவந்தானுக்குச் சுற்றுலா போனபோது வைகையில் செருப்பை விட்ட கதையைச் சொல்லி எல்லாரையும் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தார். ஆனால் நிமிஷத்துக்கு ஒருதரம் போனைப் பார்த்தார். பாயசம் வருவதற்குள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

“அதுக்குள்ளயா? அவன் எப்படிம்மா இருக்கான்?” என்று வாசல்வரை கூடவே போனார் செல்வக்குமார்.

“நல்லாருக்கார்ண்ணே. நாளைக்கு நேர்லயே பாப்பீங்கள்ல.” பஸ் ஏறப் போனவர் திரும்பி நின்றார். “அவரை ஒரு பாட்டுப் பாட வைங்கண்ணே. சத்தம் போட்டுப் பாடி ரொம்ப காலமாச்சு.”

செல்வக்குமாருக்கு மனசு கேட்கவில்லை. இம்புட்டு ஆசையை வைத்துக்கொண்டு என்ன வீம்பு இது? நாளைக்கு இதை ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சௌரிராஜன் பாடினார். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டினார். அந்தக் காலத்தில் அவர் பாடிக்கொண்டே வந்த காலேஜ் பஸ்ஸின் கடைசி சீட்டு, ஜன்னல் காற்று, கண்டக்டரின் விசில் எல்லாம் தோப்புக்குள் வந்து இறங்கியது போல இருந்தது. பாடி முடித்த கையோடு கடிகாரத்தைப் பார்த்தார்.

செல்வக்குமார் அவரைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். “மாப்ள, ஒளிக்காமச் சொல்லு. உங்களுக்குள்ள என்ன பிரச்சனை?”

“ஒண்ணுமில்லையே.”

“பொய் சொல்லாத. இப்பவே தங்கச்சிக்குப் போன் போடுறேன். ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வெச்சு ஒரு வாய் சோறு போட்டாத்தான் எனக்குத் திருப்தி.”

சௌரிராஜன் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார். “வேணாம்ப்பா. அவளால வர முடியாது.”

“அம்புட்டுக் கோவமா உன் மேல?”

சௌரிராஜன் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தார். புரிந்ததும் சிரித்துவிட்டார். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

“கோவமா? நானும் அவளும் சேர்ந்து வெளிய கிளம்பி எத்தனையோ வருஷமாச்சு மாப்ள. எங்க மகன் பொறந்ததுல இருந்தே படுக்கைதான். பேச்சும் வராது. யாராச்சும் ஒருத்தர் பக்கத்துலயே இருக்கணும். நேத்து நான் இருந்தேன், இன்னிக்கு அவ இருக்கா.”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்றார் செல்வக்குமார்.

“சொன்னா எல்லாரும் பாவம்னு பாப்பீங்க. ஆளுக்கு ஒரு நாளு, காலேஜ்ல இருந்த மாதிரி இருந்துட்டு வந்துருவோம்னு ரெண்டு பேரும் பேசி வெச்சிருந்தோம்.”

“நாங்க வீட்டுக்கு வந்தா?”

சௌரிராஜன் அவர் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அன்று சாயங்காலம் அதே உரையாடலில் மூன்றாவதாக ஒரு தேதி ஏறியிருந்தது. ஏற்றியவர் சுந்தரவல்லி.

‘அடுத்த ஞாயிறு, எங்க வீட்டுல. எல்லாரும் வாங்க. நாங்க ரெண்டு பேரும் இருப்போம்.’