சத்தம் புகாத அறை

"அண்ணாச்சி, அந்த மிஷினை இப்ப நிறுத்துதியளா, இல்ல நான் வந்து வயரைப் பிடுங்கட்டுமா?"

ஜன்னல் வழியாகக் கத்தினான் ஜீஷான். கத்துவதற்கு முன், தன் குரல் அந்தப் பக்கம் போகாதிருக்க, ஹெட்செட்டின் மைக்கை மறக்காமல் நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டான். மடிக்கணினியில் அலுவலகக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது.

பக்கத்துப் பட்டறையில் இரும்புக் கேட்டை ராவிக்கொண்டிருந்த நமச்சிவாயம் மிஷினை அணைத்தார்.

"பேட்டையில பட்டறைச் சத்தம் கேக்காம வேற என்ன கேக்கும் தம்பி? இருபது வருசமா ஓடுத மிஷின் வே இது."

ஜீஷான் ஜன்னலை அறைந்து சாத்தினான். மைக்கை வாயருகே இழுத்து, பஞ்சு போன்ற குரலில், ஆங்கிலத்தில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டான். அறை வாசலில் நின்ற மனைவி நஃபீஸத் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். ஆபீசுக்கு ஒரு குரல், வீட்டுக்கு ஒரு குரல் என்று அவள் சொன்னதற்கு ஏற்கெனவே ஒரு நாள் முழுக்க அவளோடு பேசாமல் இருந்தவன் அவன்.

அவன் கோபத்துக்குக் காரணம், அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். கூட்டங்களின்போது அவன் பக்கமிருந்து சத்தம் வருகிறதாம். வேலை செய்யும் இடத்தைச் சரிசெய்யாவிட்டால், அடுத்த மாதம் முதல் பெங்களூர் அலுவலகத்துக்கே வந்துவிட வேண்டுமாம். இரண்டு வருடங்களுக்கு முன் உம்மா மவுத்தானபோது, வாப்பாவைத் தனியாக விடக் கூடாது என்று மல்லுக்கட்டித்தான் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி வாங்கியிருந்தான். அதை ஒரு மிஷின் சத்தத்துக்காக விட்டுவிடுவதா?

விடவில்லை. ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டான். சுவர் முழுக்க ஸ்பாஞ்சு ஒட்டினான். கதவின் அடியில் ரப்பர் பட்டை அடித்தான். அறையை ஆபீசாகவே மாற்றிவிட வேண்டும் என்று, முதுகு வலிக்காத நாற்காலியும், உயரத்தை ஏற்றி இறக்கும் மேசையும் வந்தன. மாநகராட்சியில் அவன் கொடுத்த மனுவால் நமச்சிவாயம் ராவுகிற வேலையை வேறு பட்டறைக்கு மாற்றிக்கொண்டார். அதோடு அவனிடம் பேசுவதையும் நிறுத்திக்கொண்டார்.

மறுவாரம் அலுவலகத்திலிருந்து மறுபடியும் கடிதம். சத்தம் குறையவில்லை.

அடுத்த குற்றவாளி குக்கர். கூட்டத்தின் நடுவிலேயே மைக்கைத் தூக்கிவிட்டு அடுப்படிக்குப் பாய்ந்தான். காலை பத்திலிருந்து சாயங்காலம் ஆறு வரை குக்கர், மிக்சி எதுவும் ஓடக் கூடாது என்று அங்கே நின்று உத்தரவு போட்டான்.

நஃபீஸத் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப நான் அடுப்பத் தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிருதேன். வெயில்ல வெந்துக்கிடுதேன்" என்றாள். சொன்னதோடு நிற்காமல், அடுப்பையும் சிலிண்டரையும் ஆள் வைத்து மாடிக்கு ஏற்றியும் விட்டாள். கோபத்தில் அவளும் அவனுக்கு இளைத்தவளில்லை.

கடைசியாக மிஞ்சியது வாப்பா சேக் முகம்மதுதான்.

மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்ததும், குர்ஆனை விரித்து, மறைந்த உம்மாவின் பேரில் யாசீன் ஓதுவார். பக்கத்து அறையில், தன் காதுக்கு மட்டும் கேட்கிற அளவில். ஆனால் வீட்டில் வேறு சத்தமே இல்லாமல் போனபின், அது ஜீஷானுக்குக் கணீரென்று கேட்டது. புதன்கிழமை முக்கியமான கூட்டம். பொறுத்துப் பார்த்தான், முடியவில்லை. மைக்கை மேலே தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தான்.

"வாப்பா, மனசுக்குள்ள ஓதுனா அல்லாஹ்வுக்குக் கேக்காதா?"

வாப்பா ஓதுவதை நிறுத்தினார். வரி தப்பாமல் இருக்க அடையாளக் கயிற்றை வைத்துக் குர்ஆனை மூடினார். சாயங்காலம் ஒரு பையில் நாலு கைலியை எடுத்து வைத்துக்கொண்டு, மேலப்பாளையத்தில் மகள் ஷஃபீகா வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவதாக நஃபீஸத்திடம் சொல்லிவிட்டுப் போனார். மகனிடம் சொல்லவில்லை. ஜீஷானும் தடுக்கவில்லை. மாதக் கடைசி போகட்டும், அப்புறம் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

திங்கள்கிழமை காலையில் குழுத் தலைவி பார்கவி அழைத்தாள். அவளும் தமிழ்க்காரிதான்.

"ஜீஷான், தப்பா எடுத்துக்காதீங்க. சத்தம் குறையல. போன வாரம் ரொம்பக் கூடியிருந்தது."

அவனுக்குத் தலை கொதித்தது. மைக்கை நெற்றிக்குத் தூக்கினான்.

"ஏட்டி, எத்தனை தடவை சொல்லுதது? அங்கன என்னத்தப் போட்டு உருட்டிக்கிட்டு இருக்க? இந்த வீட்டுல ஒருத்தன் நிம்மதியா இருக்கக் கூடாதுன்னே நிக்கியா?"

மாடிப்படியில் நின்ற நஃபீஸத்தின் கையில் ஈரத் துணி மட்டும் இருந்தது.

மைக்கை இறக்கினான். குரலும் இறங்கியது.

"இதுக்கு மேல என்ன செய்யணும்னு தெரியல மேடம். பட்டறையை நிறுத்தியாச்சு. குக்கர் மாடிக்குப் போயாச்சு. ஓதுத சத்தம் கேக்கக் கூடாதுன்னு எங்க வாப்பாவைக்கூட தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

"அப்பாவையா? அவர் ஓதினது எங்களுக்குக் கேட்டதே இல்லையே. மிஷின், குக்கர் எதுவுமே கேட்டதில்ல. கம்பெனி ஹெட்செட் அதையெல்லாம் வடிகட்டிடும். பக்கத்துல பேசுற குரலை மட்டும்தான் விடும்."

"அப்ப எந்தச் சத்தத்தைச் சொல்றீங்க?"

பார்கவி தயங்கினாள்.

"நீங்க இவ்வளவு அமைதியானவர், அதனாலதான் கேக்கவே சங்கடமா இருந்தது. புதன்கிழமை ஒருத்தர் 'மனசுக்குள்ள ஓதுனா அல்லாஹ்வுக்குக் கேக்காதா'ன்னு அந்தப் பெரியவரை அதட்டினாரே. இப்பகூட ஒரு பொம்பளையப் போட்டுக் கத்தினாரே. அந்த ஆளை முதல்ல வீட்டைவிட்டு அனுப்புங்க ஜீஷான். யாருங்க அவர்?"