ஒரு வார அமைதி

"சர்வரை அப்கிரேடு பண்ணினதுல, நெட்வொர்க்கைக் கண்காணிக்கிற டூலையே காணோமா? அதை ஒரு வாரம் கழிச்சு வந்து சொல்றீங்க!" மேலாளர் கத்தினார்.

"புது வெர்ஷன்ல அது தானா வராது சார். நாமதான் தேர்ந்தெடுத்துப் போடணும். நான் கோட்டை விட்டுட்டேன். இப்போ போட்டாச்சு," என்றார் நெட்வொர்க் இன்ஜினியர்.

"எந்தக் கிளையில லைன் போனாலும் உடனே உங்க போனுக்குச் சொல்றது அதுதானே? ஒரு வாரமா கண்ணைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்திருக்கோம். உங்களை வேலையில வச்சிருக்கலாமான்னே யோசிக்கிறேன்."

மேலாளர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சரி, டூல் இல்லைன்னு கண்டுபிடிச்சது யாரு? அந்த ஆளையாவது பாராட்டணும்."

"என் வீட்டுக்காரி சார்."

"அவங்களும் கம்ப்யூட்டர் படிச்சவங்களா?"

"இல்ல சார், தையல் கடை வச்சிருக்கா. நேத்து சாப்பிடும்போது என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தா. 'ஒரு வாரமா, பாதிச் சாப்பாட்டுல உங்க போன் அடிக்கவே இல்லையே. மறைக்காம சொல்லுங்க, உங்களை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?'ன்னு கேட்டு அழுதுட்டா."

மேலாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"இன்னும் தூக்கலைன்னு போய்ச் சொல்லுங்க."